முதல் சூடு யாருக்கு?

ஆவிமலைக் காட்டின் கீழ்க்கோடியில், ஒரு மண்மேட்டுக்குள் வளை தோண்டி ஓர் அழுங்கு வாழ்ந்து வந்தது. அதன் பெயர் செதிலி. உடம்பெல்லாம் கெட்டியான செதில்கள். வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. எறும்பையும் கரையானையும் நாக்கால் நக்கித் தின்றுவிட்டு, யார் வம்புக்கும் போகாமல் காலம் தள்ளுகிற பிராணி அது.

செதிலிக்கு ஒரு பழக்கம் உண்டு. பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். சிறுத்தை வந்தாலும் சுருளும், இடி இடித்தாலும் சுருளும். பக்கத்தில் யாராவது பலமாகத் தும்மினால்கூடச் சுருண்டுவிட்டு, அப்புறம்தான் என்ன சங்கதி என்று யோசிக்கும். சுருண்ட அழுங்கை எந்தப் பல்லும் ஒன்றும் செய்ய முடியாது என்பது உண்மைதான். ஆனால் பல்லால் வராத ஆபத்துகளும் உலகத்தில் இருக்கின்றன. அது செதிலிக்குத் தெரியாது.

அந்த வருஷம் குளிர் கொன்று எடுத்தது. விடிந்து வெகு நேரம் ஆகியும் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. மான்குட்டிகள் தாயின் வயிற்றுக்கடியில் நின்று நடுங்கின. காட்டுக்குத் தலைவனான காட்டெருது கருந்திமிலின் கன்று இருமி இருமி இளைத்துப் போனது. பாவம், அவ்வளவு பெரிய எருது, மூச்சுக்காற்றால் கன்றின் முதுகைச் சூடுபடுத்திக்கொண்டு பகல் முழுவதும் அசையாமல் நின்றது.

செதிலிக்கும் அப்போதுதான் குட்டி பிறந்திருந்தது. ஒரே குட்டி. அதன் செதில்கள் இன்னும் இறுகவில்லை, தொட்டால் மெத்தென்று அமுங்கின. வெளிக்காற்று பட்டால் அந்தக் குட்டி பிழைக்காது. வளையின் கடைசி அறையில்தான் கொஞ்சம் கதகதப்பு இருந்தது. வேறு வளை தோண்டலாம் என்றால் தரை கல்லாக உறைந்து கிடந்தது. செதிலிக்கு அந்த வளைதான் எல்லாம்.

இந்தச் சமயத்தில்தான் நரி வக்கணையன் ஒரு யோசனையோடு வந்தது. சபையைக் கூட்டச் சொன்னது.

சபை எப்போதும் குளக்கரையில்தான் கூடும். அந்தக் குளத்துக்கு ஒரு கதை உண்டு. முன்னொரு பஞ்சத்தில், பொதுவுக்குத் தண்ணீர் வேண்டும் என்று நீர்நாயின் கரையை வெட்டித்தான் அந்தக் குளத்தை உண்டாக்கினார்கள். பொதுத் தேவை என்றால் யார் இடத்தையும் எடுத்துக்கொள்ளத் தலைவனுக்கு உரிமை உண்டு. ஆனால் அன்றிலிருந்து குளத்தில் முதல் வாய்த் தண்ணீர் நீர்நாய்க்குத்தான். அது குடித்த பிறகுதான் மான் குடிக்கும், பன்றி குடிக்கும், தலைவனே குடிக்கும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. வழக்கம் அப்படி.

சபைக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. கேட்கும்போது வாய் திறக்காதவர் ஒப்புக்கொண்டவர். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வேறு எதையோ வளவளவென்று பேசிக்கொண்டே இருக்கும் குரங்குகளை அடக்குவதற்காக எந்தக் காலத்திலோ கொண்டுவந்த ஏற்பாடு அது.

நரி எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தணித்துப் பேச்சை ஆரம்பித்தது. மலை உச்சியில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, அந்தச் சூடெல்லாம் மறுபக்கச் சரிவில் வீணாக ஓடுகிறது, ஒரு கால்வாய் வெட்டி அதை நம் பக்கம் திருப்பினால் குளிர் நம்மை அண்டுமா என்று கேட்டது. கால்வாய்க்கு மேலே பலகைக் கல் வைத்து மூடினால் சூடு வழியில் ஆறாது என்றது. மண் தோண்டக் காட்டுப்பன்றிகள் இருக்கின்றன, வழி காட்டத் தான் இருப்பதாகச் சொன்னது. சொல்லும்போதே நடுங்கும் மான்குட்டி ஒன்றைத் தடவிக் கொடுத்தது. சபையில் பல கண்கள் ஈரமாயின.

"ஒரே ஒரு சங்கடம், தலைவரே" என்றது நரி. "கால்வாய் நேரா ஓடணும்னா வழியில ஒரு வீடு இருக்கு. நம்ம செதிலி வீடு. அதை எடுத்தாகணும். எனக்கே மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா பொதுக்காரியமாச்சே."

சபையில் இருந்த கண்ணெல்லாம் செதிலி மேல் திரும்பின.

அதற்குக் குட்டியின் மெத்தென்ற முதுகு நினைவுக்கு வந்தது. 'வேண்டாம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அத்தனை கண்களைப் பார்த்ததும் அதன் தலை தானாகக் குனிந்தது, முதுகு வளைந்தது, வால் சுற்றிக்கொண்டது. ஒரு நொடியில் சபை நடுவே ஒரு பந்து கிடந்தது.

வீட்டைத் தரச் சம்மதமா என்று கருந்திமில் கேட்டது. பதில் இல்லை. மறுபடியும் கேட்டது. பந்து அசையவில்லை.

"வழக்கம் என்னன்னு தலைவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை" என்று நரி பணிவாக ஞாபகப்படுத்தியது. "வாய் திறக்காதவங்க ஒப்புக்கிட்டவங்க."

செதிலி மெல்லப் பிரிந்து தலையைத் தூக்கியபோது குளக்கரையில் ஒருவரும் இல்லை. பக்கத்து வளை முயல் குறுவாலி மட்டும் உட்கார்ந்திருந்தது.

"எல்லாம் முடிஞ்சு போச்சு அக்கா" என்றது குறுவாலி. "வீட்டைக் கொடுக்க நீங்க சம்மதிச்சுட்டதா முடிவாயிடுச்சு."

"நானா? நான் ஒண்ணுமே சொல்லலையே!"

"அதனாலதான் அக்கா."

சுருண்டுகொண்டால் எல்லா ஆபத்தும் தாண்டிப் போய்விடும் என்று செதிலி பிறந்தது முதல் நம்பியிருந்தது. இந்த ஆபத்து தாண்டிப் போகவில்லை, நேராக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

மாற்று இடம் கொடுக்கிறோம் என்று நரி பெரிய மனது பண்ணியது. போய்ப் பார்த்தால், பாறைக்கடியில் ஒரு பொந்து. மேலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, தரையில் பனிக்கட்டி. அதில் தவளைகூடக் குடியிருக்காது. செதிலி திரும்பி வந்து குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டது.

வேலை ஆரம்பமாயிற்று. பன்றிகளுக்குத் தலைவன் கோரைப்பல்லன். மூக்கை மண்ணில் வைத்தால் எடுக்காத கடும் உழைப்பாளி. எதற்குத் தோண்டுகிறோம் என்று கேட்கிற வழக்கம் மட்டும் அதற்குக் கிடையாது. மேலே ஊற்றிலிருந்து ஒரு கூட்டம் தோண்டிக்கொண்டு இறங்கியது. கீழே பள்ளத்தாக்கிலிருந்து இன்னொரு கூட்டம் தோண்டிக்கொண்டு ஏறியது. இரண்டும் சந்திக்க வேண்டிய இடம் செதிலியின் மண்மேடு. நாளுக்கு நாள் சத்தம் நெருங்கியது. வளைச் சுவரிலிருந்து மண் உதிர்ந்து குட்டியின் மேல் விழுந்தது. குட்டி 'கிய்' என்று கத்தும். செதிலி நக்கித் துடைக்கும். மறுபடியும் உதிரும்.

ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் செதிலிக்கு ஒரு சந்தேகம் வந்தது. மான்களும் முயல்களும் தலைவரும் இருப்பதெல்லாம் மேலே புல்வெளியில். அப்படியிருக்க, கீழே பள்ளத்தாக்கில் என்ன வேலை? அங்கே நம் காட்டார் ஒருவரும் கிடையாதே!

குட்டியைக் குறுவாலியின் பொறுப்பில் விட்டுவிட்டு, அது கால்வாயை ஒட்டியே கீழே இறங்கியது. மூடியிருந்த பலகைக் கற்களை நகத்தால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே போனது. நாக்கு நுழையக்கூட ஓர் இடுக்கு இல்லை. ஒருவர் உட்கார்ந்து குளிர்காய இடம் என்று எங்கேயும் விடவில்லை. இவ்வளவு கச்சிதமாக மூடினால் இந்தச் சூடு யாருக்கு?

பள்ளத்தாக்கின் அடியில் கால்வாய் ஒரு பெரிய குழியில் போய் முடிந்தது. குழி நிறையச் சருகு. சருகுக்கு நடுவே ஒரு பருத்த மரக்கட்டை கிடந்தது.

செதிலி குழியின் விளிம்பில் காலை வைத்தது. ஒரு கல் உருண்டு உள்ளே விழுந்தது.

கட்டை கண்ணைத் திறந்தது.

மலைப்பாம்பு! செதிலி அந்த இடத்திலேயே சுருண்டது. இந்த முறை சுருண்டது நல்லதாகப் போயிற்று. குளிரில் விறைத்துப் போயிருந்த பாம்புக்குத் தலையைத் திருப்பக்கூடச் சக்தி இல்லை. கண்ணில் பனி படர்ந்து பார்வையும் மங்கியிருந்தது. விளிம்பில் ஏதோ உருண்டையாக உட்கார்ந்திருக்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரிந்தது. பன்றிகள் தோண்டிக்கொண்டு மேலே போன பிறகு அந்தக் குழிக்கு வந்துபோகிறவர் ஒருவர்தான்.

"நரியா?" என்றது பாம்பு. ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துப் பேசியது. "வெந்நீர் எப்ப வரும்?"

செதிலி மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தது.

"பேச மாட்டியா? உனக்குக் காரியம் ஆகணும்னா மட்டும்தான் வாய் திறப்பே. அந்த அழுங்கு வீடு ஒண்ணுதானே பாக்கி? சீக்கிரம் உடைக்கச் சொல்லு. சூடு வந்து உடம்பு இளகிட்டாப் போதும், மூடி வச்ச கால்வாய் வழியாவே மேலே வந்துடுவேன். ஒருத்தர் கண்ணுலயும் பட மாட்டேன். மான்குட்டியெல்லாம் எனக்கு, முயலெல்லாம் உனக்கு. பேசின பேச்சு மாறக் கூடாது, ஆமா."

சொல்லிவிட்டுப் பாம்பு கண்ணை மூடிக்கொண்டது.

செதிலி எப்படி மேலே ஏறி வந்தது என்று அதற்கே தெரியாது. நேராகக் கருந்திமிலிடம் போய், மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் கொட்டியது. எருது திடுக்கிட்டுப் போனது. ஆனால் வழக்கம்போல நரியும் பக்கத்திலேயே இருந்தது.

"வீடு போகுதுன்னா யார் கண்ணுக்கும் பாம்பு தெரியத்தான் செய்யும்" என்று நரி பெருமூச்சு விட்டது. "பாவம், பிள்ளை பெத்தவ. நான் கோவிச்சுக்க மாட்டேன். தலைவரே, நானே போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்."

போன வேகத்தில் திரும்பியும் வந்தது. குழியில் உளுத்துப்போன மரக்கட்டை ஒன்று கிடக்கிறது, அவ்வளவுதான் என்றது. கருந்திமில் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. பின்னால் கன்று இருமியது. நியாயம் பார்க்கிற எருதுதான். ஆனால் பெற்ற பிள்ளை கண்முன்னே இளைத்துக்கொண்டிருக்கும்போது, சூடு வருகிறது என்று சொல்பவனின் பக்கம் காது சாயத்தானே செய்யும்?

சபையில் கேட்டபோது பேசாமல் இருந்துவிட்டு இப்போது வந்து பேசினால் எப்படி என்று அது செதிலியிடம் வருத்தத்தோடு கேட்டது. காலையில் மேட்டை உடைக்கச் சொல்லிவிட்டது.

செதிலி தள்ளாடிக்கொண்டே திரும்பியது. நெஞ்சு கொதித்தது. நிஜத்தைச் சொன்னாலும் எடுபடவில்லையே! வழியில் குளம். கரையோரத் தண்ணீர் ஏடு போல உறைந்திருந்தது. நீர்நாய் அந்த ஏட்டைக் காலால் உடைத்துவிட்டு, நிதானமாகக் குனிந்து குடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் தாகத்தோடு மான்கள் வரிசையாக நின்றன. ஒன்றாவது முண்டவில்லை.

செதிலி அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தது.

காலையில் பன்றிக் கூட்டம் வந்து இறங்கியது. மேலிருந்து வந்த கால்வாயும் கீழிருந்து வந்த கால்வாயும் மேட்டின் இரு பக்கமும் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. வேடிக்கை பார்க்கக் காடே திரண்டிருந்தது. கருந்திமில் கன்றைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டது. கோரைப்பல்லன் மூக்கை மண்ணில் வைத்தது. உள்ளே குட்டி 'கிய்' என்றது.

செதிலி வாசலில் நின்றது. அதே கண்கள், அத்தனையும் அதன் மேல். முதுகுச் செதில்கள் தானாக விறைத்தன. தலை குனிய ஆரம்பித்தது. சுருண்டால் எல்லாம் போய்விடும் என்று அதற்குத் தெரியும், ஆனாலும் உடம்பு கேட்கவில்லை. செதிலி முன்னங்கால் நகங்களை உறைந்த மண்ணில் ஓங்கிக் குத்தியது. நகம் ஒன்று பிளந்து ரத்தம் கசிந்தது. மண் நகங்களைப் பிடித்துக்கொண்டது. சுருள முடியவில்லை.

"வீட்டை எடுத்துக்குங்க" என்றது செதிலி.

கூட்டம் அசந்துபோனது. நரிக்கே புரியவில்லை.

"எடுத்துக்குங்க. ஆனா வழக்கப்படி எடுத்துக்குங்க. குளத்துக்குக் கரை கொடுத்தவருக்கு முதல் வாய்த் தண்ணி. அப்ப, சூட்டுக்கு வீடு கொடுக்கிறவளுக்கு முதல் சூடு. நான் எந்த இடத்துல உட்காரணும்? காட்டச் சொல்லுங்க. காட்டின உடனே என் குட்டியைத் தூக்கிக்கிட்டு நகர்ந்துடுறேன்."

நரி சிரித்தது. "தங்கச்சி, அது தண்ணிக்கு உள்ள வழக்கம். சூட்டுக்கு யாரு வழக்கம் வச்சா?"

கருந்திமில் நீர்நாயின் பக்கம் திரும்பியது. அது அதிகம் பேசாத பிராணி.

"போனது என் கரை" என்றது நீர்நாய். "தண்ணிக்காகப் போகுதா சூட்டுக்காகப் போகுதான்னு கரைக்குத் தெரியாதுங்க."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கருந்திமில் கொம்பை அசைத்தது. "வக்கணையா, இடத்தைக் காட்டு."

நரி பலகைக் கற்களைக் காட்டியது. இதன் ஓரமாக உட்கார்ந்தால் போதும், கதகதப்பாக இருக்கும் என்றது. கல்தான் மூடியிருக்கிறதே என்றது செதிலி. கல்லைத் திறந்தால் சூடு வீணாகிவிடும் என்றது நரி.

"யாருக்கு வீணாயிடும்?" என்று செதிலி கேட்டது. நகம் வலித்தது, ஆனாலும் குரல் நடுங்கவில்லை. "குளிர் அடிக்கிறது மேலே, புல்வெளியில. என் வீடு புல்வெளிக்குக் கீழே இருக்கு. எல்லாருக்கும் வேணுங்கிற சூடு, எல்லாரையும் தாண்டி, என் வீட்டையும் உடைச்சுக்கிட்டு எங்கே போகுது?"

அந்தக் கேள்வியைக் கேட்டபிறகுதான் கூட்டம் முதன்முறையாக மேட்டுக்கு மேலே பார்த்தது, அப்புறம் கீழே பார்த்தது. கோரைப்பல்லன்கூட மண்ணிலிருந்து மூக்கை எடுத்துவிட்டது.

நரி சட்டென்று கருந்திமிலின் பக்கம் ஒட்டி நின்றுகொண்டது. "தலைவரே, உங்க கன்னு இருமுது. இவ வம்பு பேசப் பேச நேரம் போகுது. இன்னொரு ராத்திரியை இந்தப் பிள்ளை தாங்குமா? காட்டுக்குத் தலைவர் நீங்க. உங்க சொல்லுக்கு மேலே ஒரு வழக்கம் உண்டா?"

கன்று மறுபடியும் இருமியது. கருந்திமில் அதைப் பார்த்தது. அப்புறம் செதிலியின் பிளந்த நகத்தைப் பார்த்தது. வளைக்குள்ளிருந்து இன்னொரு பிள்ளையின் சத்தம் கேட்டது.

"நான் தலைவன்தான்" என்றது கருந்திமில் கடைசியில். "ஆனா எவ்வளவு தாகமா இருந்தாலும் நான் ஒரு நாளாவது நீர்நாய்க்கு முன்னாடி குடிச்சிருக்கேனா? இல்லை. அப்ப அந்த வழக்கம் எனக்கும் சேர்த்துத்தான். வக்கணையா, கேட்கிறேன், சொல்லு. பள்ளத்துல யார் இருக்கா?"

நரி வாயைத் திறந்தது. 'யாரும் இல்லை' என்று சொன்னால் இத்தனை பேரும் போய்ப் பார்த்துவிடுவார்கள். இருப்பதைச் சொன்னால் தோலை உரித்துவிடுவார்கள். எந்த நேரத்துக்கும் ஒரு பேச்சு வைத்திருக்கிற நரிக்கு அந்த நேரத்துக்கு மட்டும் பேச்சு கிடைக்கவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டது.

கருந்திமில் மறுபடியும் கேட்டது. பதில் இல்லை.

"வாய் திறக்காதவங்க ஒப்புக்கிட்டவங்க" என்றது எருது. "அன்னைக்கு நீதானே எனக்கு ஞாபகப்படுத்தினே?"

அவ்வளவுதான். நரி வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு எடுத்தது ஓட்டம். அதற்குப் பிறகு ஆவிமலைப் பக்கமே அது தலைகாட்டவில்லை.

கோரைப்பல்லனும் அதன் கூட்டமும் பள்ளத்தாக்குக்கு இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, முகம் வெளிறித் திரும்பி வந்தன. நாங்கள் தோண்டியது இதற்கா என்று கோரைப்பல்லன் தலையில் அடித்துக்கொண்டது. தன் கூட்டத்துக் குட்டிகளும் மேலேதானே மேய்கின்றன! அன்றைக்கே கீழ்க்கால்வாயை மண்ணும் கல்லும் போட்டு அடைத்தார்கள். சூடு வராத பாம்பு குளிர்காலம் முழுக்கக் கட்டையாகவே கிடந்தது. வெயில் வந்ததும் பசியோடு வேறு காடு தேடிப் போய்விட்டது.

கருந்திமில் அதோடு விடவில்லை. சபையைக் கூட்டி, தன் உரிமைக்குத் தானே வேலி போட்டது. இனிமேல் பொதுக்காரியம் என்று ஒருவர் இடத்தைக் கேட்பதாக இருந்தால், அந்தக் காரியத்தால் பொதுவில் எல்லோரும் அனுபவிக்கப் போகிற இடத்தை முதலில் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் ஒரு பிடி மண்ணைத் தொடக்கூடாது, தலைவன் சொன்னாலும் சரி. கேட்பதையும் சபையில் கேட்டால் போதாது, வீட்டு வாசலில் போய்க் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் சுருண்டு கிடந்தால் நிமிரும்வரை காத்திருக்க வேண்டும். பேசாமல் இருப்பது இனிமேல் சம்மதம் ஆகாது. குரங்குகள் இந்தக் கடைசி ஏற்பாட்டை நெடுநேரம் கொண்டாடின.

மேல்கால்வாய் வெட்டியது வெட்டியதுதான். அதை எதற்கு வீணாக்க வேண்டும்? புல்வெளியின் ஓரத்தில் ஓர் அகலமான குட்டை வெட்டி, வெந்நீரை அதில் விடத் தீர்மானித்தார்கள். ஒரு சிக்கல் இருந்தது. குட்டை நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியே போக ஒரு வாய்க்கால் வேண்டும். அது செதிலியின் முன்வாசல் வழியாகத்தான் போக முடியும்.

மறுநாள் கருந்திமிலே இறங்கி வந்தது. அவ்வளவு பெரிய எருது அந்தச் சின்ன வளையின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தது. செதிலி அதைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் சுருண்டுவிட்டது. எருது அவசரப்படவில்லை. பக்கத்தில் இருந்த புல்லைக் கடித்துக்கொண்டு, பந்து பிரியும்வரை காத்திருந்தது. பிறகு கேட்டது.

"முன்வாசல்ல கொஞ்சம் இடம் வேணும் தாயி. உள்ளே ஒரு பிடி மண்ணும் கலையாது. தர முடியாதுன்னா நான் வேற வழி பார்க்கிறேன்."

செதிலி யோசித்தது. வாசலைப் பார்த்தது, மேலே குட்டையைப் பார்த்தது, எருதுக்குப் பின்னால் இருமிக்கொண்டு நின்ற கன்றையும் பார்த்தது.

"எடுத்துக்குங்க" என்றது. இந்த முறை அதை மனதாரச் சொன்னது.

வெந்நீர் வந்து விழுந்த அன்று குட்டையிலிருந்து ஆவி எழும்பிப் புல்வெளியெல்லாம் பரவியது. சுற்றிலும் மான்களும் முயல்களும் பன்றிகளும் நடுங்கிக்கொண்டே நின்றன. ஒருவரும் முண்டவில்லை. செதிலி மெல்ல நடந்து வந்தது. அதன் வாலில் குட்டி தொற்றிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பான கல்லின் மேல் செதிலி உட்கார்ந்தது. குட்டி முதலில் பயந்து தாயின் வயிற்றுக்கடியில் ஒளிந்தது. பிறகு சூடு உறைத்ததும் மெதுவாகக் கால் நீட்டிப் படுத்தது.

செதிலி நிமிர்ந்து பார்த்து, கருந்திமிலின் கன்றைத்தான் முதலில் கூப்பிட்டது.

எல்லோருடைய நன்மைக்கு என்று சொல்லி ஒருவரின் வீட்டைக் கேட்பவர், அந்த நன்மையில் வீட்டுக்காரருக்கு உள்ள இடத்தை முதலில் காட்ட வேண்டும். காட்ட முடியாதவர் கேட்பது எல்லோருக்காகவும் அல்ல, தனக்காகத்தான்.